ஓட்டுநர் வீட்டுக் காபி

எங்கள் மருந்துக் கடைக்கு இரண்டு பக்கம். வலப்பக்கம் மாத்திரை, அங்கே வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இடப்பக்கம் மூலிகைப் பொடி. அங்கே நின்றதும் எல்லாருக்கும் வைத்தியர் குரல் வந்துவிடும். "வெறும் இலைதானே தம்பி, உடம்பை என்ன செஞ்சிடும்" என்பார்கள். அதே வாயால், "மூட்டு வலி பறந்துடுச்சு" என்பார்கள். ஒன்றும் செய்யாத இலை வலியை மட்டும் எப்படிப் பறக்க விட்டது என்று நான் கேட்பதில்லை. கடை நடக்க வேண்டுமே.

பஸ் ஓட்டுநர் அண்ணன் இடப்பக்கம் திரும்பியும் பார்க்காதவர். "ஆட்டுத் தீனி" என்பார். சர்க்கரைக்கு என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறார். ஒரு நாள் டிப்போவில் வண்டியைக் கிளப்பப் போனவர், கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். காரணம் தெரிந்து டாக்டர் கடிதம் தரும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டிப்போ வாசலில் நின்று அடுத்தவன் வண்டிக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டைத் தள்ளிப் போட்டீங்களா அண்ணே?" என்று கடைக்கு வந்தவரிடம் கேட்டேன்.

"அவ விட்டாத்தானே. தட்டோட துரத்துவா."

"மாத்திரை கூடுதலா போட்டீங்களா?"

"கடலையா அது, கொறிக்கிறதுக்கு?"

"வேற மருந்து ஏதாவது?"

"சத்தியமா இல்ல தம்பி. காலையில அவ தர்ற காபிதான் மருந்து மாதிரி இருக்கு. கொஞ்ச நாளா அப்படி ஒரு கசப்பு. கேட்டா, உங்க நாக்கு சரியில்லைங்கிறா. இதுக்குப் போய் கேஸா போட முடியும்?"

என் பார்வை தானாக இடப்பக்கம் போனது. பாகற்காய்ப் பொடி. அதை என்னிடம் தவறாமல் வாங்குவது இவர் மனைவி. யாருக்கு என்று ஒருமுறை கேட்டதற்கு, "வீட்டுக்குத்தான்" என்றார். நானும் தலையாட்டிப் பொட்டலம் கட்டினேன்.

"அண்ணே, அண்ணியைக் கொஞ்சம் கூட்டிட்டு வாங்க."

அண்ணி வந்தார். பொடியைப் பற்றிக் கேட்டதும் மறைக்கவில்லை.

"ஆமா, கலந்தேன். சொன்னா குடிப்பாரா இவரு? மாத்திரை கிட்னியைத் தின்னுடும்னு ஊரே சொல்லுது. பொடியைப் பழக்கிட்டு மாத்திரையை மெல்ல நிறுத்திடலாம்னு பார்த்தேன்."

"ரெண்டும் சேர்ந்து சர்க்கரையை ஒரேயடியா கீழ இழுத்திருக்கும் அண்ணி."

அண்ணி முகத்தில் வெளிச்சம். "அப்ப பொடி கேக்குதுன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க."

"கேக்குதுடி. என் உயிரைக் கேக்குது," என்றார் அண்ணன்.

"வண்டி நின்னுட்டு இருந்ததால தப்பிச்சார் அண்ணி. ஓடிட்டு இருந்திருந்தா?"

அண்ணி கணவரின் சட்டைப் பையில் தொங்கிய விசிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டாக்டர்கிட்ட நானே சொல்றேன். இவரு சொன்னா பாதியை முழுங்கிடுவாரு," என்றார்.

பொடி டப்பாவோடு இருவரும் போனார்கள். டாக்டர் இருவரையும் பாரபட்சமில்லாமல் திட்டினார். பொடி நின்றது, மயக்கமும் நின்றது. கொஞ்ச நாள் சர்க்கரையைச் சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டர் கடிதம் கொடுக்க, அண்ணன் மறுபடி ஸ்டியரிங் பிடித்தார்.

இப்போதெல்லாம் இடப்பக்கமும் கேட்கிறேன்: "குடிக்கப் போறது யாரு? அவங்களுக்குத் தெரியுமா?" பாதிப் பேர் கோபித்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் திருதிருவென்று விழிக்கிறார்கள்.

மாத்திரை வாங்க வந்த அண்ணனிடம், "காபி இப்ப எப்படி?" என்றேன்.

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கசப்பு போச்சு தம்பி. போன பிறகுதான் தெரியுது, அவளுக்குக் காபியே போடத் தெரியாது."