வாய் பொத்திய லயம்

தேயிலைக் கொழுந்து ஏற்றிப்போன டிராக்டர் வளைவில் கவிழ்ந்து பாண்டித்துரைக்குத் தலையில் பலத்த அடி. பிழைத்ததே பெரும்பாடு. பள்ளிவாசல் எஸ்டேட்டுக்குத் திரும்பும்போது, சத்தம் ஆகாது, கோபமும் மறதியும் வரும், மனசும் சோர்ந்துபோகும், பார்த்துக்கொள் என்று டாக்டர் அவன் பெண்டாட்டி சிவசங்கரியிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவள் மனதில் நின்றது சத்தம் மட்டும்தான். ஒரே சுவரில் ஒட்டிக் கிடக்கும் லயத்து வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டுக்காரி என்னவென்று கேட்பாள். சிவசங்கரி வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அட, இந்த ஜனங்களுக்கு எதையாவது அளவாய்ச் செய்யத் தெரியுமா? டிவியை நிறுத்தினார்கள். அம்மியில் அரைப்பதை விட்டார்கள். பிள்ளைகளைத் தேயிலைக் காட்டுக்கு விரட்டினார்கள். அவன் வாசலுக்கு வந்தால் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டு, பாவமாய் ஒரு பார்வை பார்த்து உள்ளே போனார்கள். அவன் வாசலுக்கு வருவதையே விட்டான். சவரம் கிடையாது. போட்ட சோறு பாதி அப்படியே இருக்கும்.

ஒரு மத்தியானம் கேட்டான்: “சங்கரி, லயத்துல யாரு செத்தது?”

“யாருமில்லயே. ஏங்க?”

“துட்டி வீடு மாதிரில்லா கெடக்கு. நாந்தான் செத்துட்டேன் போல. ஒங்கிட்டயாவது சொன்னாங்களா?”

மலையிலிருந்து உருண்டும் தப்பி வந்த மனுசனை வீட்டுக்குள் வைத்தே பறிகொடுக்கிறோமே என்று பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே அழகுத்தாய் இருந்தாள். பாண்டித்துரையின் பெரியப்பா மகனைக் கட்டியவள்; அவனுக்கு மைனி முறை, கேலிக்கும் சண்டைக்கும் உரிமைக்காரி.

“பயமா இருக்குக்கா. அவரு பேச்சே சரியில்ல.”

“நீதானடி எங்க வாயப் பொத்துன?” என்றாள் அழகுத்தாய். அவள் கண்ணும் கலங்கிவிட்டது. “நாளைக்கே டாக்டர்ட்ட இதையும் சொல்லு. இப்ப நவுரு.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அவன் வாசலில் நின்றாள்.

“ஏங் கொழுந்தனாரே! வெறகு வெட்ட வாங்கிட்டுப் போன கோடாலி எங்க?”

கோபம் கோபம்தான், குரல் மட்டும் கிசுகிசுப்பு. ரகசியம் பேசுகிற தொனியில் மனுசி சண்டைக்கு நின்றாள்.

பாண்டித்துரை எழுந்து உட்கார்ந்தான். யோசித்து யோசித்துப் பார்த்தான். “நெனவில்ல மைனி. எனக்கு எதுவுமே…” குரல் உடைந்தது. சிவசங்கரி பதறிப்போய் முன்னால் வந்தாள்.

அழகுத்தாய் விடுவாளா? “அடிபடுறதுக்கு முன்னால மட்டும் நெனவு இருந்து கிழிச்சீராக்கும்! கல்யாணத்தன்னைக்கே தாலிய பஸ்ஸுல விட்டுட்டு வந்த ஆளுல்லா நீரு! இப்ப ஒரு சாக்கு கெடச்சிருச்சு. ஒமக்குத் தலை வலிக்குமேன்னு மெதுவா வையிறேன், இல்லன்னா நாறடிச்சிருப்பேன்!”

அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்றுதான் சிவசங்கரி நினைத்தாள். அவன் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“மைனி,” என்றான், “கொஞ்சம் சத்தமாத்தான் வையுங்களேன். பாதி காதுல விழல.”