சோணையம்மாள் சொல்லாத சாட்சி

தாடையைச் சுற்றித் துணியைக் கட்டி உச்சியில் முடிச்சுப் போடும்போதும், அம்மா ஏதோ சொல்ல வாயெடுக்கிற மாதிரியே அன்னத்தாய்க்குத் தோன்றியது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போய்விட்டாளே.

மறுநாள் தேனி கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவள் சோணையம்மாள். திராட்சைத் தோட்டக் காவல்காரரைக் கொன்றதாக மகன் வினோத்ராஜ் மேல் வழக்கு. அந்த ராத்திரி அவன் வீட்டை விட்டு நகரவே இல்லை என்று சொல்ல அவள் ஒருத்தியைத்தான் வக்கீல் நம்பியிருந்தார். கீரை ஆயும்போதுகூட அதையே சொல்லிப் பழகிக்கொண்டிருந்தவள், இன்று காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

உண்மையில் அந்த ராத்திரி அன்னத்தாயும் இந்த வீட்டில்தான் இருந்தாள். புருஷன் பாண்டியராஜன் அடித்துத் துரத்த, உதடு கிழிந்து வந்து படுத்திருந்தாள். தம்பி தூங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் அம்மாவே அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டாள். வழக்கு வந்தபோதும் பிடிவாதமாகச் சொன்னாள்: "வாழாவெட்டின்னு பேரு வாங்காத ஆத்தா. நீ வந்தது யாருக்கும் தெரிய வேணாம். சாட்சிக்கு நான் போதும்." கோர்ட்டுக்கு அஞ்சாத மனுஷி, ஊர் வாய்க்கு அப்படி அஞ்சினாள். "வெளிய சொன்னே, எம்வீட்டு வாசப்படி மிதிக்காத" என்று பாண்டியராஜனும் சொல்லி வைத்திருந்தான்.

கொள்ளி வைக்க வினோத்ராஜைப் போலீஸ் வண்டியில் கூட்டி வந்தார்கள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அவன் கதறியதில் பந்தலே கலங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "அக்கா, எதாச்சும் சாப்பிட்டியா?"

அந்த ஒரு கேள்வியில் அவள் உடைந்துபோனாள்.

மாலையோடு வந்திருந்த வக்கீல் இவாஞ்சலின் குரலைத் தாழ்த்தினார். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது. எனக்கு வேற வழி தெரியல. அன்னைக்கு வீட்டுல வேற யாராச்சும் இருந்தாகளா?"

"யாருமில்ல வக்கீலம்மா." வினோத்ராஜ் முந்திக்கொண்டான். அக்காவைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான்.

பந்தல் காலில் சாய்ந்தபடி பாண்டியராஜன் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இருந்தேன்" என்றாள் அன்னத்தாய். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள், பந்தலுக்கே கேட்டது. "இவரு அடிச்சு வெரட்டி, ஒதடு கிழிஞ்சு இங்கனதான் கெடந்தேன். விடியுற வரைக்கும் எந்தம்பி எம்பக்கத்த விட்டு நகரல. கோர்ட்டுல வந்து சொல்லுறேன்."

பாண்டியராஜன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பைக்கை நோக்கி நடந்தான்.

பாடை கிளம்பியது. போலீஸ்காரர் ஒரு கையைப் பிடித்திருக்க, மறுகையில் தீச்சட்டியோடு வினோத்ராஜ் முன்னால் போனான். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள்.

"சாட்சியாச் சேக்க மனு போடணும் அன்னத்தாயி" என்றார் இவாஞ்சலின். "சம்மன் எந்த விலாசத்துக்கு அனுப்பச் சொல்ல?"

அன்னத்தாய் அம்மாவின் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே கழுவிவிட்ட தண்ணீர் வாசல் வழியாகத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது.

"இங்கனதான்" என்றவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீடு கழுவுகிறவளிடமிருந்து விளக்குமாற்றை வாங்கப் போனாள்.