கடைசிக் கண்ணி

சின்னவள் தொலைபேசியில் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் அவள் கணவனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அவன் என் கொழுந்தன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாகியும், பொத்தான் விழுந்தால் அவன் சட்டை என் வீட்டுக்குத்தான் வரும். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. அதை அவள் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. "அதுக்குத்தான் அக்கா இருக்காங்களே" என்று நாலு பேர் நடுவில் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். நான் பூவேலை செய்த மேசைவிரிப்புகளைப் பார்த்து யாரும் அப்படி முகம் மலர்ந்ததில்லை.

"அக்கா, ஒரு சந்தேகம். சங்கிலித் தையல எந்தப் பக்கம் புடிச்சு இழுத்தா பிரியும்? ஆரம்பிச்ச பக்கமா, முடிச்ச பக்கமா?"

"எதுக்குக் கேக்குற?"

"துப்பறியும் கதை ஒண்ணு எழுதுறேன். நூல்கடை வச்சிருக்கிற அம்மா ஒருத்தி கொலையக் கண்டுபிடிக்கிறா. ரத்தம் கித்தம் எல்லாம் கிடையாதுக்கா. ஒரு பூனை உண்டு."

முடித்த பக்கம்தான் பிரியும். கடைசிக் கண்ணியை ஒரு சின்னத் தையல் பிடித்துக்கொண்டிருக்கும். அதை வெட்டிவிட்டு இழுத்தால் கண்ணி கண்ணியாக முழுவதும் கையோடு வந்துவிடும். ஆரம்பித்த பக்கம் எவ்வளவு இழுத்தாலும் அசையாது. என் வீட்டு வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் போல எனக்கு இது தெரியும்.

"ஆரம்பிச்ச பக்கம்" என்றேன்.

"நல்லாத் தெரியுமாக்கா?"

"என்கிட்டயே கேக்குறியா?"

மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டாள். நான் பொத்தானை இறுக்கி நூலை வெட்டினேன். பொய் சொல்வது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. சொல்லவிடாமல் பார்த்துக்கொண்டவளும் நான்தான். இதைப் பொய் என்று அப்போது நான் எண்ணவில்லை. பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவள், நீச்சல் கற்றுக்கொள்ளப் போய் மூன்றாம் நாள் நின்றவள், இசை வகுப்பில் சேர்ந்து வாத்தியத்தை அலமாரிமேல் ஏற்றியவள் ஒரு புத்தகத்தை எழுதி முடிப்பாள் என்று யார் நினைப்பார்கள்? இருந்தாலும், ஊசியையாவது அவள் என்னிடம் விட்டுவைத்திருக்கலாம் என்று அன்று முழுவதும் தோன்றிக்கொண்டே இருந்தது.

எழுதி முடித்தாள். அச்சாகியும் வந்தது. எட்டு மாதத்தில் மூன்றாம் பதிப்பு என்று கொழுந்தன் வந்து சொன்னான். நூலகத்தில் அதைப் படிக்கப் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்தை உரக்கப் படித்தார்: "இந்தக் கதையின் ஒவ்வொரு தையலையும் சரிபார்த்துத் தந்த என் மூத்த ஓரகத்திக்கு."

படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உன்னைத்தான் சொல்றா. இப்பவாவது கொஞ்சம் சிரியேன்."

"சிரிக்க என்ன இருக்கு? மரியாதை தெரிஞ்சவ, எழுதியிருக்கா."

"வயிறு எரியுற வாசனை வருது. அடுப்புல எதுவும் வச்சிருக்கியா?"

புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பென்சிலோடு மூன்று முறை படித்தேன். நூல்கடை அம்மாள் முதுகை வளைக்காமல் உட்காருகிறாள். தன் கத்தரிக்கோலை யாரும் தொட விடமாட்டாள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் எந்தத் துணியையும் பாராட்டுவதில்லை. என்னை அப்படியே எடுத்து, பூனை ஒன்றையும் கூட வைத்து, கடையில் உட்காரவைத்திருந்தாள். அந்த அம்மாளை எல்லோருக்கும் பிடித்துப்போனது. பேருந்தில் நான் நிற்க, பக்கத்து இருக்கையில் இருந்த பெண் அவளைப் பற்றிப் படித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணாடிக் கயிறு முதற்கொண்டு என்னுடையதாக இருக்கிற ஒருத்தியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

கதையின் உயிர் முழுவதும் என் பொய்யில் இருந்தது. இறந்துபோன பெரியவரின் தலையணை உறையில் ஒரே இழையில் சங்கிலித் தையலாகப் போட்ட பெயர். அதில் முதல் எழுத்து மட்டும் காணவில்லை; அதைப் பிரித்தவன்தான் கொன்றவன். ஆரம்ப நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரு நிமிடத்தில் பிரிந்துவிடும், அறையில் ஒரு நிமிடம் தனியாக இருந்தவன் தம்பி மகன், ஆகவே அவனே கொலைகாரன். நூல்கடை அம்மாள் இதைச் சொல்லும் பக்கத்தில் என் பென்சில் நின்றது. கோடு போடவில்லை. போட்டால் அது யாருடைய பிழை என்று எனக்கே தெரியும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் நூலகத்து மாடியில் எங்கள் தையல் வட்டம் கூடும். என்னை அங்கே தலைவி என்று கூப்பிடுவார்கள். நானாகக் கேட்டு வாங்கிய பெயர் அல்ல, ஆனாலும் பதினோரு வருடமாக அது என்னுடையது. அந்த மாதம் சின்னவளைப் பேச அழைத்திருந்தார்கள். நாற்காலி போதாமல் ஜன்னல் விளிம்பிலும் உட்கார்ந்திருந்தார்கள். பேசி முடித்ததும் ஓய்வுபெற்ற நர்ஸம்மா எழுந்தார். கையில் வட்டச் சட்டத்தில் மாட்டிய துணி. அதில் சிவப்பு நூலில் இரண்டு வரி சங்கிலித் தையல்.

"குத்தம் சொல்றேன்னு நினைக்காதீங்க. கதையப் படிச்சுட்டு வீட்டுல செஞ்சு பார்த்தேன்." ஒரு வரியின் ஆரம்பத்தை வெட்டி இழுத்தார். துணி சுருங்கியது, தையல் அசையவில்லை. அடுத்த வரியின் முடிவை வெட்டி இழுத்தார். அறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அது சரசரவென்று பிரிந்து வந்தது. "அந்த முதல் எழுத்த எடுக்கணும்னா ஒவ்வொரு கண்ணியா வெட்டணும். அரை மணி நேரம் ஆகும். அந்தப் பையன் எப்படிச் செஞ்சிருப்பான்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "தலைவி, நீங்க சரிபார்த்ததா போட்டிருக்கே."

எல்லா முகங்களும் என்மேல். கழுத்தில் கண்ணாடிக் கயிறு கனத்தது. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அக்கா சரியாத்தான் சொன்னாங்க" என்றாள் சின்னவள். "நான்தான் குறிச்சுக்கிறப்ப மாத்திக் குறிச்சுட்டேன். எனக்குப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாதுங்க."

"அப்ப அடுத்த பதிப்புல மாத்தினா கொலைகாரனே மாறிடுவானே" என்றார் நர்ஸம்மா.

"மாறட்டும். மூணு பதிப்பா ஒரு அப்பாவிய உள்ள வச்சிருக்கேன். வெளிய விட்டாகணும்."

அறை முழுவதும் சிரித்தது. கைதட்டினார்கள். தப்பைக்கூட இவ்வளவு அழகாக ஒத்துக்கொள்கிறாளே என்று மருந்துக்கடைக்காரம்மா என் காதோரம் சொன்னார். அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் கோபப்பட்டிருக்கலாம். தலை நிமிர்ந்து வெளியே நடந்திருக்கலாம். வீட்டு மானத்தைச் சபையில் விட்டுக்கொடுக்காமல் காப்பது மூத்தவளான என் வேலை. அதையும் அவள் எடுத்துக்கொண்டாள், எழுந்துகூட நிற்காமல்.

மூன்றரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்துப் பலகையில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். வெயில் எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. நர்ஸம்மா அந்தச் சட்டத்தை அவளுக்கே கொடுத்துவிட்டிருந்தார். அவள் அதைப் பையிலிருந்து எடுத்தாள். கூடவே ஓர் ஊசியும் கொஞ்சம் சிவப்பு நூலும்.

"ரெண்டாவது கதைக்கு ஒண்ணு தெரியணும்க்கா."

"கேளு."

"சொல்ல வேணாம்." சட்டத்தை என் மடியில் வைத்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தச்சுக் காட்டுங்க."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நூல் மூன்றாம் முறைதான் ஊசிக் காதுக்குள் நுழைந்தது. அவள் உதவிக்கு வரவில்லை. குறிப்பேடு மூடியபடி அவள் முழங்கால்மேல் இருந்தது. முதல் கண்ணி போட்டேன். அதன் வயிற்றுக்குள்ளிருந்து அடுத்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சீராகப் போட்டதில்லை. ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் கிடையாது. எங்கள் பேருந்து வந்து நின்று, கதவைத் திறந்து மூடிக்கொண்டு போனது. ஏழாவது கண்ணியில் நிறுத்தினேன். அதைப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சின்னத் தையலைப் போடவில்லை. ஊசியை உருவிவிட்டேன்.

நூல் துணிக்கு வெளியே தொங்கிக் காற்றில் ஆடியது. அவள் அதை இரண்டு விரலால் பிடித்தாள். இழுக்காமல், பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.