தோளில் மிஞ்சிய விரல்கள்

பெந்தெகொஸ்தே திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் கொடியை ஏற்றிவிட்டுத்தான் தோர்கில் சவரம் செய்துகொள்ளப் போவார். பிறகு கறுப்புக் கோட்டும், முந்தின நாளே துடைத்து வைத்த பூட்சும். யூட்லாந்தின் கடற்கழியோரம் இருந்த அந்தப் பண்ணையில் அன்றுதான் குடும்பப் படம் எடுக்கும் நாள். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை.

லாயத்தின் அரைக்கதவுக்கு முன்னால் நிற்க வேண்டும். மேல்பாதி திறந்திருக்கும், கீழ்ப்பாதி சாத்தியிருக்கும். அந்தக் கீழ்ப்பாதியை வைத்துத்தான் வீட்டுப் பிள்ளைகளின் வளர்த்தி தெரியும். மகள் பீர்த்தாவின் பெண் டாக்னி முதல் படத்தில் அம்மா இடுப்பில் இருந்தாள். பிறகு அவள் தலை தாழ்ப்பாளைத் தொட்டது, தாண்டியது. பதினொரு வயதான இப்போது கதவின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். படங்கள் எல்லாம் வீட்டு நடையில் வரிசையாகத் தொங்கின. வாசலில் நுழைகிற யாரும் அவற்றைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். அது தோர்கிலுக்குப் பெருமை.

ஒரே ஒரு படம் மட்டும் மற்றவற்றைவிட அகலம் குறைந்தது. அதில் டாக்னிக்கு நாலு வயது. பக்கத்தில் அவளுடைய அப்பா யோர்ன் நின்றிருந்தான். அடுத்த வருஷம் அவன் பீர்த்தாவை விட்டு நகரத்துக்காரி ஒருத்தியோடு போய்விட்டான். தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அந்தப் பேச்சுதான். தோர்கில் சட்டத்தைக் கழற்றி, கத்தரியால் யோர்னை வெட்டி எடுத்துவிட்டு, மறுபடியும் மாட்டினார். பிள்ளையின் தோளை வெட்ட மனம் வரவில்லை. அதனால் அவள் தோளில் அவனுடைய நாலு விரல்கள் மட்டும் தங்கிவிட்டன.

அதற்குப் பிறகுதான் ஒரு புது ஏற்பாடு. கல்யாண மோதிரம் மாற்றிக் குடும்பத்தில் சேராதவர்கள் ஓரத்தில், தண்ணீர் பம்புக்குப் பக்கத்தில், தள்ளி நிற்க வேண்டும்.

இந்த வருஷம் அப்படி நிற்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். மகள் பீர்த்தாவோடு இரண்டு வருஷமாகச் சேர்ந்து வாழும் எஸ்பன் ஒருவன். அவனுடைய ஐந்து வயது மகள் ரூனா இன்னொருத்தி. ரூனாவின் தாய் இறந்துவிட்டாள்.

படம் எடுக்கும் குத்ரூன் வண்டியிலிருந்து கேமரா முக்காலியை இறக்கும்போதே தோர்கில் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"அவங்களுக்கும் நமக்கும் நடுவுல இடம் விடு. யாரும் யார் மேலயும் கை போடக் கூடாது. அந்தப் பழைய படத்துல மாதிரி விரல் மிச்சம் நிக்கக் கூடாது."

"இன்னும் படமே எடுக்கல, அதுக்குள்ள வெட்டுற இடம் பார்த்தாச்சா?" என்றாள் குத்ரூன். இருபது வருஷமாக அந்த வீட்டுக்கு வருகிறவள். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

"நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"அது தெரியாமத்தானே எல்லாரும் படம் எடுத்துக்கறாங்க."

பீர்த்தாவின் முகம் இறுகியிருந்தது. "அப்பா, அவரு என்ன வழிப்போக்கனா?"

"விடு பீர்த்தா," என்றான் எஸ்பன். "நான் பம்பு கிட்டயே நிக்கறேன். இந்த வீட்ல என்கிட்ட முகம் கொடுத்துப் பேசுறது அது ஒண்ணுதான்."

டாக்னி சிரித்துவிட்டு, தாத்தாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு குனிந்து ரூனாவின் காதில் ஏதோ சொன்னாள். ரூனா தோர்கிலை நிமிர்ந்து பார்த்தாள். பயமில்லை அந்தப் பார்வையில். விலை விசாரிக்கிறவள் பார்வை அது.

"எல்லாரும் ஆரஞ்சுன்னு சொல்லுங்க," என்றாள் குத்ரூன். "தோர்கில், நீங்களும்."

"நான் பழம் பேரெல்லாம் சொல்றதில்ல. எடு."

படம் எடுக்கும்போது அசையக் கூடாது என்பது அந்த வீட்டில் தோர்கிலின் கட்டளை. அவரே அதை ஒரு நாளும் மீறியதில்லை. கையைப் பின்னால் கட்டி, தாடையை உயர்த்தி நின்றார். குத்ரூன் வாத்து மாதிரிக் கத்தினாள், தலைமேல் லென்ஸ் மூடியை வைத்துக்கொண்டு ஆடினாள், விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தாள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு படத்துக்கு முப்பது எடுத்தால்தான் ஒன்று தேறும் என்பது அவள் கணக்கு.

நடுவில் தோர்கிலின் இடது பூட்ஸ் மேல் ஏதோ பாரம் ஏறியது. முதலில் பூனை என்று நினைத்தார். குனிந்து பார்க்க முடியாது. பாரம் சற்று நகர்ந்து இரண்டாவது காலையும் தூக்கி வைத்தது. ஒரு சின்னக் கை அவருடைய கோட்டுப் பையைப் பற்றிக்கொண்டது. தோர்கில் அசையவில்லை.

மத்தியானம் ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீனும் கறுப்பு ரொட்டியும் சாப்பிட்டு முடித்தபின், குத்ரூன் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். தோர்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

முதல் படத்தில் ரூனா பம்புக்குப் பக்கத்தில் அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். அடுத்ததில் கையை விட்டிருந்தாள். அதற்கடுத்ததில் இடைவெளியின் நடுவில் தனியாக நின்றாள். பிறகு பீர்த்தாவின் பாவாடை ஓரம். பிறகு டாக்னிக்கு முன்னால். கடைசிப் படத்தில் தோர்கிலின் பூட்ஸ் மேல் ஏறி நின்று, கேமராவை நேராகப் பார்த்தாள். அவள் தலை கதவின் தாழ்ப்பாளுக்கு நாலு விரல் கீழே இருந்தது.

"மத்த எல்லாத்துலயும் யாராவது கண்ணை மூடியிருக்காங்க, இல்ல காத்துல முடி மூஞ்சில விழுந்திருக்கு," என்றாள் குத்ரூன். "உருப்படியா வந்தது கடைசி ஒண்ணுதான்."

"அதுல அந்தப் பொண்ணு நடுவுல நிக்கறாளே."

"வேண்டாம்னா எடுத்துடலாம். இப்ப கத்தரி எல்லாம் வேணாம். உங்க காலை முதல் படத்துலேருந்து கொண்டுவந்து வெச்சுட்டா, அவ அங்க நின்ன சுவடே இருக்காது."

"அவ நின்ன இடத்துல என்ன தெரியும்?"

"உங்க கால், பக்கத்துல கதவுப் பலகை."

"பலகை அங்க மறைஞ்சிருந்துதே. அவ நின்னாளே."

"தெரியுற மாதிரி பண்ணிடுவேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றார் தோர்கில். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். அவர் வீட்டில் ஒருவரும் களவு செய்ததில்லை, பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு பிள்ளை நின்ற இடத்தில் இல்லாத பலகையைக் காட்டலாம் என்று இவள் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள். கோபத்தோடு நடைப் பக்கம் போனவர், பேச்சுக் குரல் கேட்டு நின்றார்.

டாக்னியும் ரூனாவும் அந்த அகலம் குறைந்த படத்தின் கீழே ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றிருந்தார்கள்.

"இது எங்கப்பா," என்றாள் டாக்னி.

"எங்க?"

"இதோ, என் தோள் மேல. இது சுண்டு விரல். இங்க ஒரு தழும்பு இருக்கு, கிட்டப் போனாத்தான் தெரியும்."

"மிச்ச அப்பா?"

"தாத்தா வெட்டிட்டார். ஓரத்துல நின்னா வெட்டிடலாம்."

ரூனா தன் விரல்களை அந்த விரல்கள் மேல் வைத்துப் பார்த்தாள். "அதான் நான் நடுவுல வந்துட்டேன். என்னை வெட்டணும்னா அவர் காலையும் சேர்த்து வெட்டணும்."

தோர்கில் ஏழு வருஷமாக அந்தப் படத்தைத் தினமும் கடந்து போகிறார். அந்த விரலில் தழும்பு இருப்பது அவருக்குத் தெரியாது. பிள்ளை எத்தனை தடவை பெஞ்சு போட்டு ஏறி அதைக் கண்டுபிடித்திருப்பாள்?

தொண்டையைச் செருமினார். இரண்டு பேரும் திரும்பினார்கள். டாக்னி வேகமாக இறங்கினாள். ரூனா இறங்கவில்லை.

"டாக்னியோட தாத்தா, உங்க கால் வலிச்சுதா?"

"இல்ல."

"வலிச்சாலும் அசைய மாட்டீங்கன்னு அவ சொன்னா."

"சரியாத்தான் சொல்லியிருக்கா," என்றார் தோர்கில். "பெஞ்சை எடுத்த இடத்துல கொண்டுபோய்ப் போடுங்க."

சமையலறைக்குத் திரும்பியபோது பீர்த்தா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். எஸ்பன் புளிப்பான ருபார்ப் தண்டு போட்ட கேக்கை வெட்டிக்கொண்டிருந்தான். தோர்கில் உட்காரவில்லை.

"கடைசிப் படத்தைப் பிரிண்ட் போடு, குத்ரூன். எதையும் மாத்தாதே."

"சரி."

"அந்தப் பழைய படம், டாக்னி நாலு வயசுல எடுத்தது. அது முழுசா உன்கிட்ட இருக்கா?"

குத்ரூன் அவரை ஒரு கணம் பார்த்தாள். "இருக்கு. நான் எதையும் தூக்கிப் போடுறதில்ல."

"அதையும் போடு. மத்ததோட அதே அகலத்துல."

பீர்த்தா காப்பிக் கூஜாவைக் கீழே வைத்தாள். "யோர்னையா? இந்த வீட்டு நடையிலயா? என்னைக் கேக்கவே இல்லையே அப்பா."

"இப்பக் கேக்கறேன்."

பீர்த்தா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "டாக்னிக்காகன்னா போடுங்க. நான் அதைப் பார்க்காமப் போய்க்கறேன்."

"நானும்தான். அவன் செஞ்சதை நான் மன்னிக்கல. ஆனா அன்னைக்கு அவன் அங்க நின்னான், அவன் பிள்ளை மேல கை வெச்சிருந்தான். நின்னவனை நிக்கலைன்னு சொல்ற வீடு இல்ல இது."

எஸ்பன் ஒரு துண்டு கேக்கைத் தட்டில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினான். தோர்கில் அதை எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் எஸ்பன் கொடுத்து அவர் வாங்கிய முதல் பொருள் அது.

"இன்னொண்ணு," என்றார், கேக்கைப் பார்த்துக்கொண்டே. "அடுத்த வருஷம் நீ அந்தப் பம்பு கிட்ட நிக்காதே. அங்க வெயில் சரியா விழல. மூஞ்சி இருட்டா வருது."

"அப்ப எங்க நிக்கட்டும்?" என்றான் எஸ்பன்.

"உன் மகளைக் கேளு. அவளுக்கு இடம் பார்த்து நிக்கத் தெரியுது."