மொந்தாலே மேட்டு முத்திரை

எங்கள் சைக்கிள் சங்கத்தில் என்னை இனிமையானவள் என்று யாரும் சொன்னதில்லை. முப்பத்தொரு வருஷம் செலே ஆற்றுப் பள்ளத்தாக்கில் தபால் கொடுத்தவள் நான். நாய், மழை, கதவைத் திறக்கவே கால்மணி நேரம் எடுக்கும் கிழவர்கள் என்று எல்லாவற்றையும் சமாளித்ததில் இனிமைக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆனால் இந்தச் சொலாஞ் நேர்மையானவள் என்று என் எதிரியும் ஒப்புக்கொள்வான். எதிரி என்று எனக்கு இருந்தது ஒருவன்தான். அவன் பெயர் காஸ்பார்.

நாங்கள் எல்லாரும் நிரப்பும் முத்திரைப் புத்தகத்தில் ஐந்நூற்றுச் சொச்சம் ஊர்கள். நாடு முழுக்க, மூலைக்கு மூலை. ஒவ்வொரு ஊருக்கும் சைக்கிளில் போய், அங்கே ரொட்டிக்கடையிலோ காப்பிக்கடையிலோ ஒரு முத்திரை வாங்க வேண்டும். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. யாரும் கண்காணிப்பதில்லை. காரில் போனாலும் முத்திரை அதே மையில்தான் விழும். அதனால்தான் அதற்கு மதிப்பு என்று நான் புதிதாகச் சேருபவர்களிடம் சொல்வேன், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

நானும் என் கணவன் ரெமியும் இருபத்தொன்பது வருஷம் சேர்ந்து ஓட்டினோம். நான் முன்னால், அவன் பின்னால். கடைசி ஊரை வீட்டுக்குப் பக்கத்தில் மிச்சம் வைப்பது எங்கள் சங்கத்தில் வழக்கம். நண்பர்கள் கூட வரலாம், சேர்ந்து சாப்பிடலாம் என்பதற்காக. நாங்கள் மிச்சம் வைத்தது லார்னாக். வீட்டிலிருந்து முப்பத்திரண்டு கிலோமீட்டர். தபால் வண்டியில் ஆயிரம் தடவை போன ஊருக்குச் சைக்கிளில் மட்டும் ஒரு தடவைகூடப் போகாமல் பிடிவாதமாக இருந்தேன்.

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். சங்கத்து ஆட்கள் பதினொரு பேர் வேறு வழியாக வந்து ரொட்டிக்கடை வாசலில் காத்திருப்பதாக ஏற்பாடு. பன்னிரண்டரைக்குக் கடை மூடிவிடும். ஒரு மணிக்கு எதிர்வரிசை உணவகத்தில் பதின்மூன்று பேருக்கு வாத்துக்கறி சொல்லியிருந்தது. ஆற்றில் பனிமூட்டம் விலகிக்கொண்டிருந்தது. சாலையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் பெடல் மிதித்தபடியே என் பேச்சை ஒத்திகை பார்த்தேன்.

"கேளு ரெமி. 'நண்பர்களே, இருபத்தொன்பது வருஷத்துல நானும் ரெமியும் ஒரு மீட்டர்கூட மோட்டார் வண்டியில போனதில்ல. சில பேர் மாதிரி இல்ல.' அந்த 'சில பேர்'ங்கிறப்ப காஸ்பாரை ஒரு பார்வை பார்ப்பேன். எப்படி?"

பின்னால் அவன் கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"என்ன, தூங்கிட்டியா?"

"அந்த வரிய எடுத்துடு, சொலாஞ்."

"ஏன்? காஸ்பாருக்கு வலிக்குமா? நல்லா வலிக்கட்டும்."

ஆறு வருஷத்துக்கு முன்னால், முத்திரை ஊர் ஒன்றுக்கு இருநூறு மீட்டர் முன்னால் காஸ்பார் காரிலிருந்து சைக்கிளை இறக்குவதை என் கண்ணாலேயே பார்த்தேன். வருடாந்திரக் கூட்டத்தில், அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று சொன்னேன். அவன் எல்லார் எதிரிலும் தன் முத்திரைப் புத்தகத்திலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து மேஜைமேல் வைத்தான். அன்றிலிருந்து என்னை 'நீதிபதியம்மா' என்றுதான் கூப்பிடுவான்.

"காஸ்பாருக்காகச் சொல்லல," என்றான் ரெமி. "எனக்காகச் சொல்றேன். மொந்தாலேக்கு நான் வண்டியிலதான் வந்தேன்."

பிரேக்கைப் பிடித்துவிட்டேன். அவன் என் பின்சக்கரத்தில் இடிக்காமல் ஒதுங்கிப் புல்லில் நின்றான். வால்நட் மரத்தடி. சாலையெல்லாம் காய் உதிர்ந்து கிடந்தது.

மொந்தாலே, அல்லியே என்ற ஆற்றுக்கு மேலே, மலை உச்சியில் இருக்கும் முத்திரை ஊர். ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம். நாங்கள் அங்கே போய் இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் முதலில் ஏறி, நீரூற்று ஓரம் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடித்தது ஞாபகம் இருந்தது. ரெமி ரொம்ப நேரம் கழித்து வந்ததும் ஞாபகம் இருந்தது.

"என்ன வண்டி?"

"ரொட்டிக்காரன் வண்டி. பாதி மேட்டுல செயின் அறுந்துபோச்சு. செயின் கோக்குற கருவி உன் பையில இருந்துச்சு."

"ஒரு சத்தம் போட வேண்டியதுதானே?"

"போட்டேன். நீ ரெண்டு வளைவு மேல போயிட்ட. திரும்பி வருவேன்னு கல்லுமேல உக்காந்திருந்தேன். ஒரு மணி நேரம். ரொட்டிக்காரன்தான் வந்தான். கடைக்குப் பின்வாசல்ல இறக்கிவிட்டான்."

"சரி, மேல வந்ததும் சொல்லியிருக்கலாமே!"

"செயின் அறுந்துபோச்சுன்னு சொன்னேனே. 'நல்லவேளை, மேல வந்தப்புறம் அறுந்துச்சு'ன்னு நீயே முடிவு பண்ணி கருவிய எடுத்துக் கொடுத்த. அப்புறம், 'முத்திரை வாங்கிட்டியா, கடைய மூடப்போறான்'ன்ன. போய் வாங்கினேன்."

"அவ்வளவுதானா? இருபத்திரண்டு வருஷமா முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருக்க!"

"எப்படி வந்தேன்னு நீ கேக்கவே இல்லையே, சொலாஞ்."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரிச் சொன்னான். எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. நடுமலையில் அவனை விட்டுவிட்டுப் போனேனே என்று என்மேல் இல்லை, என் நாளைக் கெடுத்துவிட்டானே என்று அவன்மேல். இப்போது நினைத்தால் கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

"நான் முத்திரை வாங்கத்தான் போறேன்," என்றேன்.

"வாங்கு. உன்னோடது சுத்தம். ஒவ்வொரு மீட்டரும் நீ மிதிச்சது. நான் புத்தகத்த வீட்டுல மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்."

மிச்சம் பதினொரு கிலோமீட்டரும் நான் வேகம் குறைக்காமல் மிதித்தேன். பழைய மாவு ஆலையைத் தாண்டினோம், பாறையடிச் சுரங்கவழியைத் தாண்டினோம். லார்னாக் கோயில் கோபுரம் தெரிந்தபோது மணி பன்னிரண்டு அடித்துக்கொண்டிருந்தது.

கைதட்டல் பலமாகவே இருந்தது. ரொட்டிக்கடைக்காரி முத்திரையை ஊதி ஊதி வைத்தாள். சங்கத் தலைவர் படம் எடுத்தார். "அடுத்து ரெமி!" என்று எல்லாரும் கத்தினார்கள். ரெமி இரண்டு கையையும் விரித்தான்.

"புத்தகத்த வீட்டுலயே மறந்துட்டேன்பா."

"யோவ்! இருபத்தொன்பது வருஷம் சுமந்துட்டு இன்னைக்கா மறந்த?" என்றான் காஸ்பார். "கல்யாணத்துக்கு வந்துட்டு பொண்ணு எந்தக் கோயில்லன்னு கேக்குற ஆளுய்யா நீ!"

சிரிப்பு அடங்க நேரமானது. "வயசாயிடுச்சு அவனுக்கு", "சொலாஞ் காலையில தலையில தட்டிட்டா போல" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ரெமியும் கூடச் சேர்ந்து சிரித்தான். நான் என் புத்தகத்தின் மை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

உணவகத்தில் எனக்குக் குளிரடித்தது. நான் வாய் திறப்பதற்குள் ரெமி தன் பையை மேஜைமேல் வைத்துத் திறந்து என் மேற்சட்டையை எடுத்துக் கொடுத்தான். அதை இழுத்தபோது கூடவே ஒரு நீல அட்டை பாதி வெளியே வந்தது. அவனுடைய முத்திரைப் புத்தகம். எதிரில் உட்கார்ந்திருந்த காஸ்பார் அதைப் பார்த்தான். ரெமியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஆறு வருஷம் காத்திருந்தவனுக்கு என்னைப் பழிவாங்க ஒரு வார்த்தை போதும். நானாக இருந்தால் எழுந்தே நின்றிருப்பேன்.

காஸ்பார் ரொட்டிக் கூடையை நகர்த்தி, அந்தப் பையை மறைக்கிற மாதிரி வைத்தான். என் கோப்பையில் வைனை ஊற்றினான்.

"என்ன நீதிபதியம்மா, பேச்சு கிடையாதா?" என்றான்.

எழுந்தேன். பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஊருக்கு உபதேசம் செய்தே பழகியவள், என் தட்டிலிருந்த வாத்தைப் பார்த்தேன்.

"வாத்து ஆறிடும். சாப்பிடுங்க," என்று சொல்லி உட்கார்ந்தேன்.

நான் பேசியதிலேயே நல்ல பேச்சு இதுதான் என்று தலைவர் சொன்னார். அந்த உணவகத்து வாத்தைப் போல இந்தப் பள்ளத்தாக்கில் வேறெங்கும் கிடைக்காது. எனக்கு அன்று அது காகிதத்தைத் தின்ற மாதிரி இருந்தது.

முத்திரை எல்லாம் நிறைந்த என் புத்தகத்தை, வழக்கப்படி சரிபார்த்துச் சான்றிதழ் வாங்க நான் அனுப்பவில்லை. சமையலறை அலமாரியில் குளிர்காலம் முழுக்கக் கிடந்தது. ரெமி கேட்கவும் இல்லை. மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் அதிகம் புழங்குவதில்லை. எனக்கு அது வாயில் வராது. மே மாதம் ஒரு காலை, காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் எதிரில் வரைபடத்தைப் பிரித்துப் போட்டேன்.

"செயினுக்கு எண்ணெய் போட்டியா?"

"எங்க போறோம்?"

"மொந்தாலே."

அவன் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான். "எனக்கு அறுபத்தெட்டு வயசாச்சுடி. அந்த மேடு அப்பவே நாக்குத் தள்ளிடுச்சு."

"ராத்திரிக்குள்ள ஏறினாப் போதும். எவன் கேக்கப்போறான்?"

மூன்று நாள் ஓட்டினோம். அல்லியே பாலத்தில், மேடு தொடங்கும் இடத்தில், நான் ஒதுங்கி நின்றேன்.

"நீ முன்னால போ."

"நான் மெதுவாத்தான் போவேன்."

"தெரியும். போ."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு இத்தனை வருஷம் ரெமியின் முதுகும் தெரியாது. அன்றுதான் பார்த்தேன். இடது முழங்கால் வெளியே வளைந்து வளைந்து சுற்றுகிறது. சட்டையின் பின்பைகள் மூன்றும் தொங்குகின்றன. ஒன்றில் என் மழைச்சட்டை, ஒன்றில் எனக்கான டியூப், ஒன்றில் எனக்குப் பிடித்த ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி. நடந்தாலே முந்திவிடலாம் போன்ற வேகம். என் கால்கள் துறுதுறுத்தன. இரண்டு தடவை கிட்டத்தட்ட முந்தப் பார்த்து, பிரேக்கைத் தொட்டேன்.

முதல் வளைவில் அவன் திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். மறுபடி முன்னால் திரும்பி மிதித்தான். இரண்டாவது வளைவிலும் பார்த்தான். அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் வருகிறேனா என்று பார்க்கிறான். அந்த மேட்டில் பதினான்கு வளைவுகள். மூச்சு இரைத்தபோதும், வியர்வை கண்ணில் விழுந்தபோதும், பதினான்கிலும் பார்த்தான். நான் அதே பதினான்கு வளைவுகளை ஒருமுறைகூடத் திரும்பாமல் ஏறியவள். ஏழாவது வளைவுக்கு மேல் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் திரும்பும்போதெல்லாம் மூக்கைச் சிந்துவது போல் நடித்தேன்.

உச்சியில் அதே நீரூற்று. ரொட்டிக்கடைக் கதவு திறந்திருந்தது. மூடப் பத்து நிமிஷம் இருந்தது. ரெமி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றான். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடையைப் பார்த்து நடந்தான்.

"ரெமி," என்றேன்.

நின்றான்.

"எப்படி வந்த?"

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சைக்கிள்ல," என்றான்.