காத்தாயியின் குலவை

என் தம்பி வீரையன் கிடார் வாசிப்பான். பாட்டு இருக்காது, தாளமும் இருக்காது. ஒரு கம்பியை மீட்டிவிட்டு, அந்த ஒலி மங்கி மறையும்வரை இழுத்துக்கொண்டே போவான். வீட்டில் முதன்முதலாகப் போட்டுக்காட்டியபோது, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று அம்மா கேட்டாள். அதற்குள் அது முடிந்திருந்தது. சென்னையில் தம்பி சொந்தமாக இசை வெளியிடுகிறான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது நான்தான். கேட்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

போன சம்பா நடவுக்கு வந்தவன், வரப்பில் நின்று எங்கள் குலவையைப் போனில் பதிவு செய்தான். முதல் நாற்றை ஊன்றும்முன் கிழக்கே பார்த்து அம்மாதான் குலவையைத் தொடங்குவாள். மற்ற பெண்கள் சேர்ந்துகொள்வோம். அம்மாவின் குலவை கடைசியில் லேசாக உடையும். அதைக் கிடாரோடு சேர்த்து அனுப்பியிருந்தான். இந்த முறை அம்மா கேலி செய்யவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போடச் சொன்னாள்.

அந்த வயல், கூலியாளாக இருந்த தாத்தா கொடி பிடித்து, அடிபட்டு வாங்கியது. எரிவாயுக் குழாய் அதன் வழியாகத்தான் போகும் என்றார்கள். கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். குழாய்க்குக் கையெழுத்துப் போட்ட கட்சி இப்போது எதிர்க்கட்சியாகி எங்களோடு கீழே உட்கார்ந்திருந்தது. அன்று எதிர்த்த கட்சி மேடையில் இருந்தது. ஊர் சார்பில் பேச வேண்டியவள் அம்மா. வீரையனும் வந்து பின்வரிசையில் இருந்தான்.

முதலில் கம்பெனிக்காரர்கள் படம் போட்டார்கள். பச்சை வயல், சிரிக்கும் பிள்ளைகள், நடுவே குழாய். பின்னணியில் ஒரு கம்பி நீளமாக ஒலித்தது. அடுத்து குலவை கேட்டது. கடைசியில் லேசாக உடைந்தது. டெல்டாப் பெண்கள் குழாயைக் குலவையோடு வரவேற்கிறார்கள் என்று படத்தில் ஒரு குரல் சொன்னது.

பெண்கள் ஒவ்வொருவராக அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"காத்தாயி, இது ஒன் கொரலுதானே?" என்றாள் பக்கத்து வயல் ஆனந்தவல்லி.

அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து மைக் வரை போனாள். "அது என் கொலவைங்க. நாத்துக்குப் போட்டது," என்றாள். அப்படியானால் கம்பெனிக்கு அதைக் கொடுத்தது யார் என்று அதிகாரி கேட்டார். அம்மா பின்வரிசையைப் பார்த்தாள். மகன் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கிவிட்டாள். வயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் எழுந்து சொல்லியிருக்கலாம். குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. இவன் அக்காதானே என்று யாரும் பார்த்துவிடக் கூடாதென்று நானும் குனிந்துகொண்டேன்.

வெளியே வந்து அவனைப் பிடித்தேன். விவசாயத்தைப் பற்றிய படம் என்று யாரோ கேட்டார்களாம், கொடுத்துவிட்டானாம். யாருடைய படம் என்று விசாரிக்கவே இல்லை.

"என் மியூசிக்க ஒருத்தர் கேட்டதே அதான்க்கா மொதத் தடவ," என்றான்.

அடுத்த நடவு வந்தது. குழாய் இன்னும் எங்கள் எல்லையைத் தொடவில்லை. வீரையன் வந்து வரப்பில் நின்றான். அம்மா கிழக்கே பார்த்து நாற்றைக் கையில் எடுத்தாள். நாங்கள் அவள் வாயைப் பார்த்தோம். அவள் அவனைப் பார்த்தாள். அவன் கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினான். போன் இல்லை.

"இருக்கட்டும்ப்பா. நீ வீட்டுக்குப் போ."

போனான். வாய்க்கால் மதகைத் தாண்டி அவன் மறையும்வரை காத்திருந்தோம். அதன் பிறகும் அம்மா வாய் திறக்கவில்லை. குனிந்து முதல் நாற்றை ஊன்றினாள். நாங்களும் குனிந்தோம்.