அணைத்து வைத்த பெட்டி

மோகனசுந்தரத்துக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு, வாசலில் ஒரு கார், டீக்கடைக்குப் போனால் நாலு பேர் எழுந்து இடம் விடும் மரியாதை, எதற்கும் குறைவில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் விளக்கு வைத்ததும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டிவி முன்னால் குந்தி கார்ப் பந்தயம் ஓட்டுவது இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஒருத்தி மனைவி வனிதா. இன்னொருவன் கோயமுத்தூர் காலேஜ் விடுதியில் இருக்கும் மகன் பிரகதீஷ். அவன் விட்டுப்போன கேம் பெட்டிதான் அது. கதவைத் தட்டி யாராவது கேட்டால், தேங்காய் விலை பார்க்கிறேன் என்பார்.

கொஞ்ச நாளாகப் பந்தயத்தில் மானம் போய்க்கொண்டிருந்தது. எங்கோ இருக்கிற முகம் தெரியாத பையன்களெல்லாம் சர்ரென்று கடந்து போக, இவர் கார் மட்டும் நின்று நின்று நகர்ந்தது. சரி, வைஃபையில்தான் கோளாறு என்று வேலையில் இறங்கினார். பெட்டியிலேயே வேகம் அளக்கும் வசதி இருந்தது, அளந்தார், சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டார். இரும்பு பீரோ மறைக்கிறதோ என்று பெட்டியைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தார். கடைசியில் வைஃபையே வேண்டாமென்று ரவுட்டரிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்து மாட்டினார். அந்த வயர் தடுக்கி வனிதா விழப்போனதுதான் மிச்சம்.

அந்த இணைப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அப்பா காலமானதும் மோகனசுந்தரமும் தம்பி தங்கதுரையும் தோப்பைப் பாகம் பிரித்தார்கள், வீட்டைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்தார்கள், கிணற்றைப் பிரிக்க முடியாதே, அதற்கு முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் அண்ணன் மோட்டார் ஓடும், மறுநாள் தம்பி மோட்டார். இன்டர்நெட் வந்தபோதும் அதே கணக்குதான். சுவருக்கு நடுவில் ஒரே ரவுட்டர். பகல் முழுக்கத் தம்பி தங்கதுரை வீட்டுக்கு, விளக்கு வைத்தபின் அண்ணன் வீட்டுக்கு. வைஃபைக்கு யாராவது முறை வைப்பார்களா என்று டவுன்காரர்கள் சிரிக்கலாம். கூட்டுக்கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அது சிரிப்பாகத் தோன்றவில்லை. தங்கதுரையின் மகள் தமிழ்ப்ரியா ஏதோ கம்பெனி வேலைக்கு ஆன்லைனில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். வாரா வாரம் டெஸ்ட், எல்லாவற்றிலும் தேறினால் வீட்டிலிருந்தபடியே வேலை. அதனால்தான் பகல் முறையை அவளுக்கு விட்டிருந்தார்கள்.

கேபிள் ஆபீசிலிருந்து ஜிஜி வந்து பார்த்தான். லைனில் ஒரு குழப்பமும் இல்லை, இந்த மாதத்து டேட்டா முழுக்கத் தீர்ந்துவிட்டது, தீர்ந்தால் வேகம் தானாகக் குறைந்துவிடும், வீட்டில் யாரோ நன்றாக இழுக்கிறார்கள் என்று பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னான். கேம் விளையாடினால் இவ்வளவு போகுமா என்று மோகனசுந்தரம் பையனுக்காகக் கேட்பது போலக் கேட்டு வைத்தார். விளையாடுவதற்குக் கொஞ்சம்தான் ஆகும் என்றான் ஜிஜி. அவ்வளவுதான், இவருக்குத் தீர்ந்தது சந்தேகம். முறைக்கிணற்றில் தண்ணீர் குறைந்தால் யாரும் தன் பைப்பைப் பார்ப்பதில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் ஓடும் மோட்டாரைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கோபத்தோடு தம்பி வீட்டுக்குப் போனபோது, நல்லேப்பிள்ளியிலிருந்து அக்கா பூவாத்தாள் வந்து உட்கார்ந்திருந்தாள். மூவரில் மூத்தவள், அவள் சொல்லுக்கு அந்தக் குடும்பத்தில் எதிர்ச்சொல் கிடையாது. அவள் முன்னால் பேச வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் இருப்பதும் நல்லதுதான் என்று மறுகணம் தோன்றியது. அந்த மறுகணத்தைத்தான் பிற்பாடு அவரால் மன்னிக்க முடியவில்லை.

"தண்ணி மொறையில இத்தன வருசத்துல ஒரு நா நீ தப்புனதில்ல தங்கதுரை. இதுல மட்டும் ஏன் இப்பிடிப் பண்ற? என்ற பங்கையும் சேத்து உன்ற ஊட்லயே இழுத்துட்டா நான் என்ன பண்றது?"

என்ன விஷயம் என்று அக்கா கேட்டாள். மகனோடு முகம் பார்த்துப் பேசக்கூட முடியவில்லை, படம் நின்று போகிறது என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னார். சத்தம் கேட்டுத் தமிழ்ப்ரியா உள்ளேயிருந்து போனும் கையுமாக வந்தாள்.

"பெரிப்பா, இதச் சித்தெ பாருங்க."

"அம்முணி, நீ உள்ள போ" என்றார் தங்கதுரை. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் திரும்பவும் அதையே சொன்னார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "புள்ள அதிகமாப் பாத்துட்டா போலிருக்குங்ண்ணா. எங்களுக்கு இனி வேண்டாம். பாஸ்வேர்ட மாத்திக்குங்க" என்றார்.

வயசுப் பெண்ணுக்குப் போனே கதியா என்று பூவாத்தாள் பிடித்துக்கொண்டாள். தமிழ்ப்ரியா போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். மோகனசுந்தரம் வீட்டுக்கு வந்த கையோடு பாஸ்வேர்டை மாற்றினார்.

மாதம் பிறந்ததும் கார் பறந்தது. அண்ணன் வீட்டில் ராஜ மரியாதையோடு பந்தயம் நடந்தது. ஆனால் பாதி மாதம்கூடப் போகவில்லை, கார் மறுபடியும் நின்று நின்று நகர ஆரம்பித்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் இப்போது மோட்டாரே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவன் சொல்லச் சொல்லப் பெட்டியில் ஒவ்வொன்றாக அமுக்கினார்.

டவுன்லோடு பட்டியல் திறந்தது. ஓசியில் கிடைக்கிறதே என்று அவர் ஆசைப்பட்டு அமுக்கி வைத்த ஆட்டமெல்லாம் அதில் வரிசையாக நின்றது. கார், பந்து, துப்பாக்கி, மீன்பிடி, ஒன்றை விட்டு வைக்கவில்லை.

"இதெல்லாம் எப்படா இறங்குச்சு? நாந்தான் ஆடி முடிச்சதும் அணச்சுப் போடறனே."

"அந்தப் பட்டன அமுக்குனா அணையாதுங்ப்பா, தூங்கத்தான் போகும். ஆரஞ்சு லைட் எரியும் பாருங்க. நீங்க ஆடாதப்பத்தான் அது நல்லா இழுக்கும்."

"பகல்லயா?"

"பகலெல்லாந்தான்."

சமையலறை வாசலில் வனிதா நின்றிருந்தாள். மகன் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை. "புள்ளயோட மொறையில நீங்க தண்ணி எடுத்திருக்கறீங்க" என்றாள். "போய்ச் சொல்லிப்போட்டு வாங்க."

தோப்புக்குள் இருக்கும் அந்த வீடுகளில் போனில் பேசலாம், நெட் கிடைக்காது. பாஸ்வேர்டு மாறிய நாளிலிருந்து தமிழ்ப்ரியா மாட்டுச் சந்தைத் திடலுக்கு வண்டியில் போய்த்தான் படிக்கிறாள் என்று வனிதா சொன்னாள். இவருக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. போய்ப் பார்த்தபோது, மாடு கட்டும் கல்தூண்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். தலையில் துப்பட்டா. சாணி வாடை மூக்கைத் துளைத்தது. இவரைக் கண்டதும் இறங்கி நின்றாள். அந்த மரியாதை அவரை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

"கண்ணு, இழுத்தது நாந்தான்" என்றார்.

"தெரியுமுங்க பெரிப்பா. அன்னிக்கே தெரியும். எந்தப் பெட்டி எவ்வளவு இழுக்குதுன்னு போன்லயே காட்டும். அதக் காட்டத்தான் வந்தேன்."

"அப்பறம் ஏஞ் சொல்லுல?"

"அப்பா வேண்டாம்னுட்டாருங்க. பெரிப்பா கேம் ஆடறது அத்தைக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிரும், எங்கண்ணன் தல குனியறதப் பாக்க என்னால ஆகாதுன்னாரு."

ஆக, தம்பிக்கும் தெரிந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு தேங்காய் விலை பார்த்த நாளெல்லாம் தெரிந்திருக்கிறது. மோகனசுந்தரத்துக்கு அந்தத் திடலிலேயே எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. பேச்சை மாற்ற, டெஸ்ட் எப்படிப் போகிறது என்று கேட்டார். சிக்னல் போய் இரண்டு டெஸ்ட் பாதியில் அறுந்துவிட்டதாகவும், போன வாரம் கம்பெனிக்காரர்கள் அவள் பேரை நீக்கிவிட்டதாகவும், வேறு கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். அதில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. புதுப் பாஸ்வேர்டைச் சொன்னார், அவள் குறித்துக்கொண்டாள்.

அக்காவுக்கு இன்றைக்கே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அதற்கு முன் தம்பியின் கையைப் பிடித்துக்கொள்வது என்று வழியெல்லாம் தீர்மானித்துக்கொண்டே வந்தார். தமிழ்ப்ரியாவின் வண்டி பின்னாலேயே வந்தது. தங்கதுரை கிணற்றடியில் பைப்புக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"தங்கதுரை, அன்னிக்கு அக்கா முன்னால நான்..."

தங்கதுரை நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார். என்ன வரப்போகிறது என்று புரிந்துவிட்டது. அண்ணன் வாயால் அதைக் கேட்க அவருக்குத்தான் கூச்சமாக இருந்தது போல. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "தேங்கா போடற ஆளு எப்பங்ண்ணா வாரான்?" என்றார்.

தமிழ்ப்ரியா வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் காத்திருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று மோகனசுந்தரத்துக்குத் தெரியும். இப்போது விட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்பதும் தெரியும்.

"நாளைக்கு வாரான்" என்றார்.